மாப்பிள்ளை புத்தகப் பிரியர்

"மாப்பிள்ளை புத்தகப் பிரியர்." பெண் பார்க்க வந்த அன்று மகேஸ்வரியின் சித்தப்பா சொன்ன இந்த ஒரு வார்த்தையில்தான் அவள் விழுந்தாள். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, செம்பட்டியில் சொந்தமாக உரக்கடை என்பதெல்லாம் அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளுக்கும் இருந்தது. புத்தகப் பிரியம் இவர் ஒருவருக்குத்தான் இருந்தது. பி.காம். முடித்துவிட்டுக் கன்னிவாடியில் அப்பா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அது போதாதா? இந்தப் பதினேழு வருடத்தில் அந்தச் சித்தப்பாவைக் கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ எங்கே பார்த்தாலும் மகேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். மனுசன் வாயில் வேறு வார்த்தையே வரவில்லையா என்று நிறுத்திக் கேட்கத் தோன்றும்.

பிரியம் வைத்தவன் தொடுவான், மடியில் போட்டுக்கொள்வான், பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கிப்போவான். அவள் புருசன் பிரபு அந்த ரகம் இல்லை. வீட்டில் நானூற்றுச் சொச்சம் புத்தகம் இருந்தது. இரண்டு கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பீரோ நிறைய, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி காக்கி அட்டை, முதுகில் ஒரு நம்பர், மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு. பெயர் வெளியே தெரிந்தால் வெயில் பட்டு எழுத்து மங்கிவிடுமாம், அதனால் அட்டைக்கு மேல் பெயர் எழுதுவதில்லை. பீரோவுக்குத் திண்டுக்கல்லில் சொல்லிச் செய்த மாங்காய்ப் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

நம்பரைச் சொல்லிக் கேட்டால் தருவார். தரமாட்டேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் கை கழுவ வேண்டும். துடைக்க வேண்டும். ஈரம் போயிற்றா என்று கையைக் கன்னத்தில் வைத்துக் காட்ட வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கக் கூடாது, சாப்பிட்டுக்கொண்டு படிக்கக் கூடாது, மூலையை மடிக்கக் கூடாது. முழுதாக விரித்தால் தையல் விட்டுவிடும் என்பதால் பாதி திறந்து, எட்டிப் பார்க்கிற மாதிரி படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பீரோவுக்குச் சாம்பிராணி காட்டுவார். மாதத்தில் அந்த மூன்று நாள் மகேஸ்வரி பீரோ இருக்கிற அறைக்குள் காலே வைக்கக் கூடாது.

இப்படி ஒரு ஆளை என்னவென்று சொல்வது? அதுதான் அவளுக்கும் மகள் கீர்த்தனாவுக்கும் இரண்டு வருடமாக நடக்கிற விளையாட்டு. பத்தாவது படிக்கிற கீர்த்தனாவின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. 'புத்தகப் பிரியர்' என்பதை எழுதி, மகேஸ்வரியே மேலே கோடு போட்டு அடித்திருந்தாள். 'புத்தகப் பைத்தியம்' அடுத்து வந்தது. பைத்தியத்துக்கு இத்தனை சட்டதிட்டம் கிடையாது என்று அதையும் அடித்தாயிற்று. 'புத்தகப் புழு' என்று கீர்த்தனாவின் தமிழ் டீச்சர் சொன்ன வார்த்தை வீட்டுக்கு வந்த வேகத்தில் திரும்பிப் போனது.

"புழு வந்தா அப்பா பாச்சா உருண்டை வச்சுக் கொன்னுருவாரும்மா," என்றாள் கீர்த்தனா.

சாம்பிராணி காட்டுவதைப் பார்த்து 'பூசாரி' என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டு வினோலியா டீச்சர் ஒரு தடவை சமையல் புத்தகம் இரவல் கேட்டபோது, பிரபு அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போய், அவர் பார்த்து எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, திருப்பிக் கையோடு கொண்டுவந்தார். "எங்க கோயில்ல பைபிளையே எடுத்து வாசிக்கத்தான் வச்சிருக்கோம் மகேசு. ஒங்க வீட்டுக்காரரு என்ன, தேருக்கு முன்னாடி போற மாதிரி வாராரு!" என்று வினோலியா சிரித்த அன்றைக்கு 'தர்மகர்த்தா' சேர்ந்தது. மூன்று நாள் தள்ளி உட்கார வைத்த ஒரு மாதத்தில் மகேஸ்வரி ஆத்திரத்தோடு 'புதையல் காக்குற பூதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். 'ஜெயில் வார்டன்' கீர்த்தனா கொடுத்தது. எதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இடித்தது, என்னவென்றுதான் பிடிபடவில்லை.

விளையாட்டு விளையாட்டாகவே இருந்திருக்கும், அந்தத் தேர்வு மட்டும் இல்லாவிட்டால். கூட்டுறவுச் சங்க உதவியாளர் வேலை. போன தடவை மகேஸ்வரிக்கு இரண்டே இரண்டு மார்க்கில் போனது. முப்பத்தொன்பது வயதில் இரண்டு மார்க்கில் தோற்பது என்றால் என்னவென்று தோற்றவருக்குத்தான் தெரியும். ஒரு வாரம் யார் முகத்திலும் விழிக்காமல் இருந்தாள். பிறகு எழுந்து, இன்னும் ஒரே தடவை எழுதுவது, இதிலும் போனால் உரக்கடையில் மூட்டை எண்ணிக்கொண்டு கிடப்பது என்று முடிவு செய்தாள். இந்த முறை தேர்வு சரஸ்வதி பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பிரபு தடை சொல்லவில்லை. திண்டுக்கல் போய் இருக்கிறதிலேயே நல்ல கைடு நான்கு வாங்கி வந்தார். அட்டை போட்டார், பொட்டு வைத்தார், சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்தார். முதல் நாள் மகேஸ்வரி பென்சிலால் நான்கு வரிக்கு அடிக்கோடு போட்டாள். அன்று ராத்திரி மனுசன் சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் புது ரப்பர் ஒன்றை வைத்துக்கொண்டு, காகிதம் நோகாமல், கோட்டை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

"மனசுல போடு மகேசு கோட்டை. புத்தகத்துல எதுக்கு?" என்றார், அவ்வளவு சாந்தமாக. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் அவள் நோட்டுக்கு மாறினாள். கீர்த்தனா மிச்சம் வைத்த பெரிய சைஸ் நோட்டு, இருநூறு பக்கம். கைடைப் பாதி திறந்து எட்டிப் பார்த்து, வேண்டியதையெல்லாம் நோட்டில் இறக்கினாள். நடுவில் கேள்வி. ஓரத்தில், விளிம்பு வரைக்கும், பதிலும் வருடமும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தந்திரமும். பதிலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கேள்வியை மட்டும் பார்த்துத் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள அது வசதியாக இருந்தது. எட்டு மாதம். குழம்பு கொதிக்கும்போது, கடையில் ஆள் இல்லாதபோது, செம்பட்டி முக்கில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அந்த நோட்டு கையில் இருந்தது. அதில் சாம்பார் தெறித்தது, எண்ணெய்க் கை பட்டது, மூலையெல்லாம் சுருண்டது, மேலட்டை பாதி கிழிந்து தொங்கியது. அதைத் தொடும்போதெல்லாம் அவளுக்குத் தைரியம் வந்தது.

பூசைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, நோட்டைக் காணோம்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள், மெத்தையைப் புரட்டினாள், கடைக்கே போய்ப் பூச்சிமருந்து அடுக்கின பலகையெல்லாம் துழாவினாள். கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. வியாபாரத்தில் இருந்த பிரபு அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் மகேஸ்வரி துழாவுவதை நிறுத்தினாள்.

"எங்கங்க என் நோட்டு?"

"வரும். விஜயதசமிக்கு வரும்."

"எங்க இருந்து வரும்?"

"சொல்ல வேணாம்னு பாத்தேன். அக்மல் கடையில பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன். நேத்து சாயங்காலம் சரக்கு எடுக்கத் திண்டுக்கல் போனேன்ல, அப்ப. அந்தக் கோலத்துல அதைக் கொண்டுபோய் சரஸ்வதி முன்னாடி எப்பிடி வைக்கச் சொல்ற? பாத்தா யாருக்குப் படிப்பு குடுக்கத் தோணும்?"

மகேஸ்வரி கடைவாசலில் நின்றபடியே அக்மலுக்குப் போன் போட்டாள். அக்மல் திண்டுக்கல்லில் பேர் பெற்ற பைண்டர். பிரபுவின் பழைய புத்தகங்களுக்கெல்லாம் வருடா வருடம் மேலட்டை மாற்றுகிறவர்.

"அக்கா, வேலை முடிஞ்சிருச்சுக்கா. பசை போட்டு அழுத்தத்துல வச்சிருக்கேன். இப்ப எடுத்தா கோணிக்கும். பசங்க மிஷினைக் கழுவிப் பொட்டு வச்சுட்டாங்க, நாளைக்குப் பூசை. வியாழக்கிழமைதேன் ஷட்டரத் தொறப்போம். அண்ணன் பாத்துப் பாத்துச் செய்யச் சொல்லிருக்காரு, நீங்க கவலப்படாதீங்க."

கவலைப்படாமல் என்ன செய்வது? மறுநாள் பூசைக்கு வீட்டில் எழுத்து என்று இருந்த எல்லாம் போனது. நான்கு கைடும், கீர்த்தனாவின் பாடப் புத்தகங்களும், கடைச் சிட்டையும் பலகை மேல் அடுக்கி, சந்தனம் தெளித்து, பட்டுத் துண்டு போர்த்தியாயிற்று. விஜயதசமி காலை வரைக்கும் ஒரு வரி படிக்கக் கூடாது. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கையில், படிப்புக்கு உண்டான சாமியின் பெயரைச் சொல்லி, படிக்கக் கூடாது! மகேஸ்வரி சுண்டல் தாளித்துக்கொண்டே, கைடில் போட்டோ எடுத்து வைத்திருந்த பத்துப் பக்கத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். பிரபு எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு நகரப் போனார்.

"இதுல மட்டும் குத்தம் இல்லையா?" என்றாள் அவள்.

"அது போனுதான," என்றார்.

கரண்டியைத் தூக்கி எறிந்தால் என்ன என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சுண்டல் வீணாகுமே என்று விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிரபு பைக்கில் திண்டுக்கல் போய்விட்டு வந்தார். வெளியே விட்டிருந்த சட்டையைக்கூட உள்ளே செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி நோட்டை நீட்டினார். சிவப்பு ரெக்ஸின் அட்டை. முதுகில் தங்க எழுத்தில் 'பி. மகேஸ்வரி, பி.காம்.' மூன்று பக்கமும் கத்தியால் சீவின மாதிரி விளிம்பு. சாம்பார் கறை, சுருண்ட மூலை எதுவும் இல்லை. கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

"பிசிறு ஒண்ணுகூடத் தெரியக் கூடாது, நல்லா உள்ள வரைக்கும் வெட்டுங்கன்னு பக்கத்துலயே நின்னு சொன்னேன்," என்றார். முகம் அப்படியே பூரித்துக் கிடந்தது. "எப்பிடி இருக்கு?"

மகேஸ்வரி திறந்தாள். தையல் இறுக்கத்தில் அது திறக்க மறுத்தது. முழங்காலில் வைத்து அழுத்தித் திறந்தாள். வலது பக்கம் ஓரம் இல்லை. இடது பக்க ஓரம் தையலுக்குள் போயிருந்தது. அடுத்த பக்கம், அதற்கு அடுத்த பக்கம் என்று இருநூறு பக்கத்தையும் புரட்டினாள். நடுவில் கேள்விகள் அழகாக வரிசையாக இருந்தன. எட்டு மாதம் அவள் எழுதின பதில்கள் இல்லை.

அழுகை வரவில்லை. வந்தது வேறு ஏதோ. நோட்டைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"உக்காருங்க. இதுல ஒரு பக்கம் சத்தமா வாசிங்க."

"எதுக்கு?"

"வாசிங்கன்னு சொல்றேன்ல."

அவள் குரலைக் கேட்டுக் கீர்த்தனா உள்ளறையிலிருந்து வந்து நிலையருகில் நின்றாள். பிரபு நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டைப் பாதி திறந்து, எட்டிப் பார்த்து வாசித்தார். "கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த ஆண்டு..." நிறுத்தினார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அம்புட்டுத்தேன் இருக்கு."

"அடுத்தது."

"தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம்... பெரியண்... பெரியண்? என்ன மகேசு இது?"

"பெரியண்ணன் பொறந்த வருசம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்து மூணு. அடுத்தது."

"விதிகள் நடைமுறைக்கு வந்தது... தங்..."

"தங்கச்சி பொறந்த வருசம். எம்பத்தெட்டு."

பிரபு இன்னும் நான்கு பக்கம் புரட்டினார். எல்லா வரியும் விளிம்பில் போய் முட்டி நின்றது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.

"மிச்சம் எங்க?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"அக்மல் கடைக் குப்பையில."

அவர் வெட்டின விளிம்பை விரலால் தடவினார். மகேஸ்வரிக்குப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி நான்கு கேள்வி கேட்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரம் இல்லை. காலையில் பூசையிலிருந்து இறங்கின கைடு ஒன்றை எடுத்துத் தரையில் வைத்து, முழுதாக விரித்து, நடுமுதுகில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். மடக்கென்று ஒரு சத்தம் வந்தது. பிரபு கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க கேள்வியை வாசிங்க. நான் பதிலை இதுல ஓரத்துல எழுதிக்கிறேன்."

"மகேசு, பேனாவா? பென்சில் இருக்கு..."

"பேனாதேன்."

அப்படித்தான் சாயங்காலம் வரைக்கும் போனது. அவர் பாதி வரியை வாசித்தார், அவள் மீதியைச் சொல்லிக்கொண்டே எழுதினாள். ஐம்பது, நூறு, நூற்றைம்பது. வந்துகொண்டே இருந்தது. நோட்டில் இருந்ததெல்லாம் தனக்குள்ளும் இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கீர்த்தனா டீ போட்டுக் கொண்டுவந்து, டம்ளரைக் கைடுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். பிரபு அடுத்த கேள்விக்குப் போனார்.

"நபார்டு வங்கியைத் தொடங்கச் சொன்ன குழு..." என்று வாசித்தார் பிரபு.

மகேஸ்வரி பேனாவை நிறுத்தினாள். குழு. ஒரு ஆள் பெயர். நாக்கு நுனியில் நின்றது, வரவில்லை. போன தடவை போன இரண்டு மார்க்கும் இப்படி நாக்கு நுனியில் நின்றுதான் போனது.

"அது இந்தக் கைடுல இல்ல. ஒங்க பீரோவுல ஒரு புத்தகத்துல பாத்து எழுதுனேன். கூட்டுறவு வரலாறு பத்தினது. நம்பர் மறந்துபோச்சு, தடிமனா இருக்கும், எடுங்க."

பிரபு எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தார். இரண்டு கதவும் விரியத் திறந்து நின்றன. உள்ளே நானூறு காக்கி முதுகு. அவர் நின்றார். ஒன்றைத் தொட்டார். "இது மதுரை புத்தகக் கண்காட்சியில வாங்குனது. அன்னைக்கு நல்ல மழை." இன்னொன்றைத் தொட்டார். "இது பழனி பஸ்ஸ்டாண்டு கடையில. கடைசி ஒரே காப்பி இருந்துச்சு."

"எங்க வாங்குனீங்கன்னு கேக்கல. என்ன புத்தகம்?"

அவர் கை அடுத்த முதுகின் நம்பரைத் தடவியது. அப்போதுதான் மகேஸ்வரிக்கு உறைத்தது. பிரியர், பைத்தியம், பூசாரி, தர்மகர்த்தா என்று தானும் மகளும் தேடித் தேடி வைத்த பெயர் ஒவ்வொன்றும், அவருக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் ஏதோ பழக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டு வைத்தவை. ஒரு பழக்கமும் இல்லை. பதினேழு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டதில்லை.

"தொறந்து பாருங்க. ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

பிரபு தடிமனாக இருந்த ஒன்றை உருவினார். திறந்தார். நான்காவது தாளும் ஐந்தாவது தாளும் மேல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்திலிருந்து வந்த நாளிலிருந்து அதை யாரும் பிரித்திருக்கவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகேசு, இதைக் கிழிக்கவா?"

"கிழிங்க."

ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு இழுத்தார். கோணல்மாணலாகக் கிழிந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து வாசிக்க ஆரம்பித்தார். மகேஸ்வரி காத்திருந்தாள். ஒரு பக்கம் போனது. அவர் உட்கார்ந்தார். இரண்டாவது பக்கமும் போனது.

"கூட்டுறவு இருக்கா?"

"இல்ல. இது தேனீ வளர்ப்பு."

"அப்ப வச்சிட்டு அடுத்ததை எடுங்களேன்!"

"செத்த இரு மகேசு," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "புது ராணி பொரிஞ்சு வந்ததும் மத்த ராணியையெல்லாம் கொன்னுருமாமே! இது என்ன ஆகுதுன்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேன்."

 பதினேழு வருடம் இருக்கையில், இந்த மனுசன் படிக்கத் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பார்! இனி இவரைக் கூப்பிட்டுப் பலன் இல்லை. பூட்டில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அவளே பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தடிமனான முதுகுகளாகப் பார்த்து ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டு, காக்கி அட்டையைக் கிழித்துப் பெயரைப் பார்த்தாள். பதினோராவதில் கிடைத்தது. பொருளடக்கத்தில் தேடி, பக்கத்தைப் பிடித்து, குழுவின் பெயருக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டாள். பிறகு மூலையை மடித்தாள்.

"அடுத்த கேள்வியை நீ வாசிடி," என்றாள் கீர்த்தனாவிடம். "அப்பா படிக்கிறாரு."